காதுக்காரர் தீர்ப்பு

“முதல் தடவை ஓடினது உன்னுது. இனிமே ஓடப்போறது என்னுது. நல்லாக் கேட்டுக்கோ,” என்றார் மாமனார். பழைய துணியில் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டிய பொட்டலத்தை மருமகள் கையில் வைத்தார். எஞ்சினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து ஊட்டும் கார்புரேட்டர் அது; வெளிநாட்டிலிருந்து அவர் வரவழைத்தது.

மூன்று வாரமாக வீட்டில் இதே சண்டைதான். மாமனார் ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவர். எஞ்சின் சத்தத்தை வைத்தே அதன் நோயைச் சொல்லிவிடுவாராம். கிளப்பில் அவருக்குப் பெயரே காதுக்காரர். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பழைய வண்டிகள் பந்தயத்தில் அவருடைய வண்டியை மகன் ஓட்டுகிறான்.

அந்த வண்டிக்கு மெக்கானிக், மருமகள். உடைசலாகக் கிடந்த ஒரு கார்புரேட்டரை எடுத்து, லேத்தில் ராப்பகலாகக் கடைந்து உயிர் கொடுத்திருந்தாள். வீட்டில் செய்த சாமானைப் பந்தயத்துக்குக் கொண்டுபோனால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று மாமனார் ஒற்றைக் காலில் நின்றார்.

இன்று மைதானத்தில் இரண்டையும் மாற்றி மாட்டி ஓட்டிப் பார்ப்பது, வெளிநாட்டுச் சரக்கு ஜெயித்தால் இனி அவள் தன் வண்டியைத் தொடவே கூடாது என்று கிளப் நண்பர்கள் இருவர் முன்னால் நிபந்தனை வேறு. சரி என்றாள். பயந்து ஒதுங்குகிற ஆளா அவள்?

காலையில் முதல் ஓட்டத்துக்கு முன், தன்னுடையதைக் கழற்றிக் காட்டித் திரும்ப மாட்டியபோது, உள்ளே தேங்கியிருந்த பெட்ரோல் முழங்கைவரை வழிந்து இரண்டு துணி நனைந்தது. கார்புரேட்டரைக் கழற்றினால் அப்படித்தான். இப்போது வண்டியை ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனவள், கால் மணி நேரத்தில் கையை வீசிக்கொண்டு வந்தாள். தோளில் கிடந்த துணி காய்ந்தே இருந்தது.

“வண்டி ரெடி, மாமா.”

மாமனார் மைதானத்து வேலியோரம் நாற்காலியில் சாய்ந்து, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டுக் கேட்கிறவர் மாதிரி தொடையில் தாளம் வேறு. மகன் நான்கு சுற்று ஓட்டி முடித்தான். நண்பர் ஒருவர் ஸ்டாப் வாட்சை நீட்டினார். மாமனார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கடிகாரம் எதுக்கு, காது இருக்கும்போது? முதல்ல ஓடினது சளி கட்டின தொண்டை. இது என்ன சுத்தம், என்ன இழுவை. சரக்குன்னா இதுதான் சரக்கு.”

நண்பர்கள் ஆமாம் போட்டார்கள். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

“எல்லார் முன்னாடியும் தீர்ப்பைச் சொல்லிடுங்க, மாமா. அப்புறம் மாத்தக்கூடாது.”

“நான் என்னைக்கு மாத்திப் பேசியிருக்கேன்? இப்ப வண்டியில இருக்கறதுதான் ஞாயித்துக்கிழமை ஓடும். அதுல ஒரு திருகைக்கூட யாரும் தொடக்கூடாது.”

நண்பர்கள் இருவரும் சாட்சியாகத் தலையாட்டும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு கருவிப் பையைத் திறந்து, துணிப் பொட்டலத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“நீங்க போட்ட முடிச்சை நான் இன்னும் அவிழ்க்கவே இல்ல, மாமா.”