கடலுக்குப் போக நல்ல மாதம்

ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஒரு கிழட்டுக் காட்டெருமைக்குச் சாவதற்குள் கடலைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. எந்த மாதம் கிளம்பலாம் என்று தன் முதுகில் குடியிருந்த உண்ணிக்கொக்கைக் கேட்டது.

“பிப்ரவரியில வெயில் மண்டையைப் பிளக்கும் அண்ணே. ஏப்ரல் மழையில பாதையெல்லாம் சேறு. ஆகஸ்ட்ல ஆத்தங்கரை பூரா சிங்கம்,” என்றது கொக்கு.

வருடா வருடம் இதே கேள்வி, இதே பதில். ஏழாவது வருடம் எருமைக்குச் சந்தேகம் தட்டியது. தான் போய்விட்டால் இவனுக்கு உண்ணி கிடைக்காதே, அதற்காகத்தான் தடுக்கிறானோ?

“என் முதுகு இல்லாட்டி உன் வயிறு காயும். அதானேடா?” என்று கேட்டேவிட்டது.

கொக்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “உங்க முதுகை விட்டா எனக்கு நாதியில்லையா? இது அக்டோபர். சேறு காஞ்சிருச்சு, கடலும் அமைதியா இருக்கு. வாங்க, இப்பவே போவோம். நானே வழி காட்டுறேன்.”

எருமை நான்கு அடி வைத்தது. அதற்குமேல் கால் நகரவில்லை. தடுக்க ஆளில்லாத பயணம் அதற்குப் பயமாக இருந்தது.

“ஏன்டா,” என்றது மெதுவாக, “நவம்பர் எப்படி இருக்கும்?”