கண்ணாடியில் எழுதிய எண்

இருக்கை பெல்ட்டை இழுத்தேன். போன சீசனைவிட நான்கு விரல் அதிகமாக உள்ளே வந்தது.

"நாடா இழுபட்டுப் போச்சுக்கா. வேற மாத்தணும்."

"மொதல்ல உன் வாய மாத்து. இறுக்குடா," என்றாள் அக்கா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

இறுக்கினேன்.

கார்ப் பந்தயத்தின் இறுதிப் போட்டி. பக்கத்துத் தடத்தில் பல் டாக்டரின் வண்டி, அவர் செய்யும் பற்களைப் போலவே பளபளவென்று நின்றது. அதன் முன்கண்ணாடியில் 11.20 என்று எழுதியிருந்தது. எங்கள் பழைய வண்டியின் கண்ணாடியில் 15.40.

நானூறு மீட்டரை எத்தனை விநாடியில் கடப்போம் என்பதை அவரவரே எழுதிவிட வேண்டும். வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு முன்னதாக மெதுவான வண்டிக்குப் பச்சை விளக்கு விழும். யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ அவர் ஜெயித்தார். ஆனால் எழுதியதைவிட நூலளவு வேகமாகப் போனாலும் அவுட்.

வேகம் இங்கே பெரிதில்லை. சொன்ன சொல்தான் பெரிது.

அக்கா இருபத்திரண்டு வருடமாக குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். பெட்டியைத் தூக்கும்போது பின்சக்கரம் லேசாவதை வைத்தே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவாள். அங்கே அவள் பெயர் தராசு.

அந்தத் தராசுக்கு முதல் சீசனில் கால் நிற்கவில்லை. 16.00 என்று எழுதிவிட்டு 15.52 ஓடினாள். "பின்னாடி நாய் தொரத்துதா?" என்று வேலியோரம் கத்தினார்கள்.

இரண்டாவது சீசனில் பச்சைக்கு முன்பே கிளம்பி சிவப்பு வாங்கினாள்.

மூன்றாவதில் அரையிறுதி வரை வந்தாள். எண்ணைத் தாண்டிவிடுவோமோ என்று பயந்து, கோட்டுக்குப் பத்தடி முன்னால் பிரேக்கைத் தொட்டாள். பக்கத்து வண்டி முந்திக்கொண்டது.  வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னாள்: "எழுதுறது சரியா இருந்தா பிரேக்க எதுக்குத் தொடணும்?"

இந்த சீசனில் 15.42, 15.41, மறுபடி 15.41. மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். இன்ஜின் என் கைவேலை. வண்டியின் உள்பக்கம் அவள் பொறுப்பு. அவள் இருக்கைப் பக்கம் ஸ்பானரோடு போனாலே கையைத் தட்டிவிடுவாள்.

மஞ்சள். மஞ்சள். மஞ்சள். பச்சை.

அக்கா போய்விட்டாள். டாக்டர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். நான்கு விநாடி இவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு அவர் கிளம்பினார். தரையின் அதிர்வு செருப்பைத் தாண்டி என் பல்லுக்கு ஏறியது. அந்த வண்டி தூரத்தைத் தின்றுகொண்டே போனது.

நான் அக்காவின் பிரேக் விளக்கை மட்டும் பார்த்தேன். அது எரியவில்லை. கடைசி நூறு மீட்டர். எரியவில்லை. பத்தடி. எரியவேயில்லை.

அரை வண்டி நீளம் முன்னால் அக்கா.

பலகையில் 15.41.

முதலில் யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. சொன்ன சொல்லுக்கும் ஓடிய ஓட்டத்துக்கும் நடுவே விநாடியில் நூறில் ஒரு பங்கு. கண்ணை மூடித் திறக்கவே அதைப்போலப் பத்து மடங்கு ஆகும். வேலியோரம் கத்துகிறவர்கள்கூட வாயைத் திறந்தபடி பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் விசில் கிளம்பியது.

முதன்முறை பதியும்போதும், பிறகு ஜெயித்தாலும், வண்டியை ஓட்டியவரோடு சேர்த்து எடை மேடையில் ஏற்றுவார்கள். எடை பார்ப்பவர் பழைய ஏடுகளைப் புரட்டினார்.

"ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு. மொத வருஷமும் அதேதான்! நாலு வருஷத்துல ஒரு கிலோ ஏறலயே! தராசம்மா, எங்க வீட்டுல வந்து கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அவர் டார்ச்சோடு குனிந்து இருக்கைக்கு அடியில் பார்த்தார். "எடைக்கல்லு எல்லாம் போல்ட் போட்டு இறுக்கித்தான் இருக்கு. சரி. அதுல தேதி எதுக்கு எழுதியிருக்கீங்க?"

நான் குனிந்தேன்.

குடோன் எடைக்கற்கள். தரையோடு போல்ட் போட்டு வரிசையாக ஐந்து. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் அக்காவின் கோணல் எழுத்து. இரண்டு கிலோ, போன வருடத்துத் தேதி. இரண்டு கிலோ. அப்புறம் ஐந்து. ஐந்து. ஐந்து. கடைசித் தேதி போன வெள்ளிக்கிழமை.

மெக்கானிக் புத்தி தானாகக் கணக்குப் போட்டது. பத்தொன்பது கிலோ. ஓட்டத்தில் விநாடியில் நூறில் நான்கு பங்கு. அந்தக் கற்கள் இல்லாவிட்டால் 15.37. அவுட்.

வண்டியில் பத்தொன்பது கிலோ ஏறியிருக்கிறது. மேடையில் ஒரு கிலோகூட ஏறவில்லை.

பெல்ட் நாடா என் கையில் இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். வாங்கிய அன்றைப்போலவே முறுக்குக் கலையாமல் இருந்தது. அது இழுபடவேயில்லை.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினாள். இரட்டை ஷிஃப்ட், அதனால்தான் முகம் இப்படி ஒட்டிப்போயிருக்கிறது என்று அவள் சொன்னதை இந்த வருடம் முழுக்க நம்பியிருந்தேன்.

"அப்படிப் பாக்காதடா," என்றாள் என் காதுக்கு மட்டும். "வண்டிக்குத் தெரியக் கூடாதுல்ல?"

ஐந்தாவது கல்லை அடுத்து, தகரத்தில் போல்ட்டுக்காக இரண்டு ஓட்டைகள் காலியாக இருந்தன. துளைத்தபோது சிதறிய உலோகத் தூள் இன்னும் துடைக்கப்படாமல், டார்ச் வெளிச்சத்தில் மின்னியது.