பல் இடைவெளியில் நின்ற இதழ்

நைஜீரியாவின் இபாதான் நகரத்துக் காலை வெயில் பல் மருத்துவமனையின் மேசைமேல் விழுகிறது. மிளகாய் விற்கும் இயா சிகிராவின் வாயில் எடுத்த இரண்டு பல் அச்சுகள் அங்கே கிடக்கின்றன. விலை கூடிய நீல ரப்பர் அச்சு முழுசாக வந்திருக்கிறது. மலிவான பச்சை ஆல்ஜினேட் மாவு, முன்பல் இடைவெளியில் கிழிந்து தொங்குகிறது. "மாவு கிழியும்னு சொன்னேன்ல," என்கிறார் டாக்டர் ஃபக்பென்லே. ரப்பர் இதோடு தீர்ந்துவிட்டது. முன்பல் இடைவெளியை அழகென்று கொண்டாடும் ஊர் இது; வெளியே வரிசையில் அச்செடுக்க இன்னும் எத்தனையோ இடைவெளிப் பல் அழகிகள். "பெரியவங்கன்னு பயந்து பூப்பறிக்கிற மாதிரி இழுத்தீங்க டாக்டர், அதான் கிழிஞ்சுது," என்கிறாள் உதவியாளர் மொரெனிக்கே. சில்லென்ற தண்ணீர்ப் பாக்கெட்டைப் பிய்த்து ஊற்றி, மாவைக் குழைத்து, இயாவின் வாயில் வைக்கிறாள். அது நன்றாக இறுகியதும் பெரியவர்களுக்குப் பெண்கள் செய்யும் ஊர் வழக்கப்படி இரண்டு முட்டியும் தரையில் பட வணங்குகிறாள். "மன்னிச்சுக்கோங்கம்மா." எழுந்து, வெடுக்கென்று ஒரே இழுப்பு. சப்பென்ற சத்தத்தோடு அச்சு கையில் வந்துவிடுகிறது. அதன் நடுவில், இடைவெளிக்குள் புகுந்த மெல்லிய பச்சை இதழ் வெயில் ஊடுருவ, ஒரு கீறல்கூட இல்லாமல் நிமிர்ந்து நிற்கிறது. பூதக்கண்ணாடியோடு குனிந்த டாக்டருக்கு நிமிர மனமில்லை. "அப்போ அடுத்தவங்களுக்கு நானும் முட்டி போடணுமா?" என்று கேட்கிறார். இயா சிகிரா உதட்டுப் பச்சையைத் துடைத்துக்கொண்டு, இடைவெளி தெரியச் சிரிக்கிறாள். "நம்ம வழக்கத்துல ஆம்பளைக்கு முட்டி பத்தாது, தம்பி. நெடுக விழுந்து கும்பிட்டுட்டு இழு."