உறைந்ததும் கரைந்ததும்

காலையில் வந்ததும் வராததுமாக, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல், அவள் ஆய்வகச் சூட்டுப்பெட்டியைத் திறந்து நேற்று மதியம் வைத்த சோதனைக் குழாயைச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே கிருமியைக் கலந்து வைத்திருந்த பிளாஸ்மா தண்ணீராக ஓடியது.

நல்ல செய்திதான். மேல் மாடி வார்டில் கிடக்கும் குழந்தையின் ரத்தத்தில் வளர்ந்த கிருமி பொல்லாததாக இருந்தால் பிளாஸ்மா உறைந்திருக்கும். உறையவில்லை என்றால், தோலில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் சாது. ரத்தம் எடுத்த ஊசியோடு கூட வந்திருக்கும்.

ஆனாலும் அவள் குழாயை மறுபடி ஒரு முறை சாய்த்துப் பார்த்தாள்.

தொலைபேசி அடித்தது. டாக்டர்.

“உறையலைதானே? அப்ப மருந்த நிறுத்திடறேன். இதுக்கு மேல குழந்தையோட கிட்னி தாங்காது.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

கிருமிகள் எல்லாம் ஒரே வார்ப்பு இல்லை. பொல்லாத இனத்திலேயே சில கில்லாடிகள் உண்டு. சாயங்காலம் உறைய வைத்ததை இரவோடு இரவாகத் தாங்களே கரைத்துவிட்டு, காலையில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். அதை நம்பி மருந்தை நிறுத்தினால் குழந்தை பிழைக்காது. அதனால்தான் குழாயை வைத்து நான்கு மணி நேரம் ஆனதும் ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக் கொடுப்பதே இதைத்தான்.

நேற்று அந்த நேரத்தில் அவள் நாற்காலி காலியாக இருந்தது.

“நிறுத்தாதீங்க டாக்டர். நடுவுல நான் பாக்கல. மறுபடி போடறேன்.”

மதியத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் வைத்தார்.

புதுக் குழாயை உள்ளே வைத்து, பெட்டிக்கு எதிரிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டாள். டீ குடிக்கக்கூடப் போகவில்லை. உறையக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். உறைவதாக இருந்தால் என் கண்ணெதிரிலேயே உறைந்து தொலையட்டும் என்றும் வேண்டிக்கொண்டாள்.

நேரம் நெருங்கும்போது கைபேசி அதிர்ந்தது. தங்கை. மேல் மாடியிலிருந்து.

“அக்கா, நேத்து மாதிரி வந்து இவன் காலக் கொஞ்சம் தடவிக் கொடேன். உன் கை பட்டாத்தான் தூங்கறான்.”

அவள் சூட்டுப்பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பெரியம்மா இன்னைக்கு அவன் பக்கத்துலயேதான் உக்காந்திருக்கேன்னு சொல்லுடி.”

கைபேசியை வைத்துவிட்டுக் குழாயை எடுத்துச் சாய்த்தாள்.

பிளாஸ்மா அசையவில்லை.