மூத்த மடம்

"இன்னும் ஐம்பது வருஷம் பின்னால தள்ளு," என்றாள் ரிக்பெர்கா.

மடத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த கன்னியாஸ்திரீ கிஸ்லா இறகுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தாள். "அம்மா, அந்த வருஷம் சாக்சனி முழுக்க ஒருத்தருக்கும் ஞானஸ்நானமே ஆகலையே. மரத்தைக் கும்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்ப நம்ம மடத்தைக் கட்டினது யாரு?"

"யாரோ ஒரு புண்ணியவதி. பேரு தெரியலைன்னு எழுது. பேரு இல்லாட்டித்தான் பழசு மாதிரி இருக்கும்."

"பொய் இல்லையாம்மா?"

"பாவசங்கீர்த்தனம் நான் பண்ணிக்கிறேன். நீ எழுது."

பிர்கென்தால் மடத்துக்குத் தலைவியான இந்த இருபது வருஷத்தில் ரிக்பெர்காவின் நிம்மதியைக் கெடுத்தது ஒரு முதுகு. எஷ்பாக் மடத்துத் தலைவி பெர்ஸ்விந்தாவின் முதுகு. ஆயர் கூட்டும் சபையானாலும் சரி, திருவிழாப் பவனியானாலும் சரி, மூத்த மடம் முன்னால் போகும், இளைய மடம் பின்னால் போகும்.

"போன குளிர்காலம் ராஜாவே அங்கதான் இறங்கினாரு. ஏன்? மூத்த மடமாம். அதுலேருந்து அவ நடக்கிற நடையைப் பாத்தியா?"

"அவங்களுக்கு முட்டி வலிம்மா."

"உனக்கு அவ மேல ரொம்பத்தான் கரிசனம்."

அந்த வாரமே எஷ்பாக்கிலிருந்து ஒரு வண்டி வந்தது. வண்டி நிறைய, எழுதுவதற்காகப் பதப்படுத்திய மாட்டுத்தோல். 'வரலாறு எழுதுறீங்களாமே அக்கா, தாராளமா எழுதுங்க' என்று பெர்ஸ்விந்தா சொல்லி அனுப்பியிருந்தாள்.

கிஸ்லா ஒன்றைத் தடவிப் பார்த்தாள். "ஒரே வருஷத்துல இத்தனை தோலு எப்படிம்மா? நமக்கு நாலு தேத்தவே மூச்சு முட்டுது."

"காட்டுறாடி. எங்ககிட்ட எவ்வளவு இருக்கு பாருன்னு காட்டுறா. இரு, அவ குடுத்த தோலுலயே அவளை இளையவளாக்கிடுறேன். இன்னொரு இருபது வருஷம் தள்ளு."

இலையுதிர்காலச் சபையில் ஆயர் அந்த வரலாற்றை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார். முடித்ததும் பெர்ஸ்விந்தாவைப் பார்த்தார். "ஆட்சேபணை உண்டா தாயே?"

பெர்ஸ்விந்தா எழுந்தாள். அவள் அழுவதைப் பார்க்க ரிக்பெர்கா கழுத்தை நீட்டினாள்.

"என்ன ஆட்சேபணை ஆண்டவரே? அதான் எழுதியிருக்கே. அக்கா மடம்தான் மூத்தது. முத்திரை போட்டுடுங்க."

ஆயர் மெழுகைச் சொட்டி முத்திரையை அழுத்தினார்.

"மெழுகு காஞ்சிடுச்சா?" என்று கேட்டாள் பெர்ஸ்விந்தா. சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். காய்ந்துவிட்டது என்று ஆயர் சொன்ன பிறகு ஒரு பெருமூச்சு விட்டு ஒதுங்கி நின்றாள். "நீங்க முன்னால போங்கக்கா."

ரிக்பெர்கா நடந்தாள். இருபது வருஷத்தில் முதல் முறையாக அவளுக்கு முன்னால் யாருடைய முதுகும் இல்லை.

வாசலில், சேறு படிந்த காலணியோடு காத்திருந்த ஒருவன் முழங்காலிட்டு அவள் மோதிரத்தை முத்தமிட்டான்.

"நான் அரண்மனை ஆளு தாயே. மூத்த மடம் இனிமே உங்களோடதாமே. ராஜா கிளம்பிட்டாரு. பனி உருகுற வரைக்கும் உங்க விருந்தாளி."

"ராஜாவா? எங்க மடத்துக்கா?"

இதைக் கேட்டு பெர்ஸ்விந்தாவின் முகம் கறுத்திருக்குமே, அதைப் பார்க்காமல் எப்படி? ரிக்பெர்கா திரும்பினாள். எஷ்பாக் கன்னியாஸ்திரீகள் ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்து ஆனந்தக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ராஜாவும், கூட எழுநூறு பேரும்," என்றபடி அரண்மனை ஆள் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். "உங்க தொழுவத்துல மாடு எத்தனை இருக்கு தாயே?"