யார் கொடுப்பது?

பம்மலிலிருந்து தாம்பரம் ஆஸ்பத்திரி வரைக்கும் சக்திவேல் ஒரே பொய்யைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். மாரடைப்பில் படுத்திருக்கும் அப்பாவுக்கு ஸ்டெம் செல் சிகிச்சையாம். இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுப்பார்களாம். பிள்ளைகளை உடனே வரச் சொல்லியிருந்தார் டாக்டர்.

அறைக்குள் நுழைந்ததுமே முந்திக்கொண்டான்.

"நைனா, எனக்கு சுகர் கீது. ஊசி குத்துனா புண்ணு ஆறாது. தம்பி குடுப்பான்."

தம்பி தணிகை ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தான். "நானா? எனக்கு முதுகுவலி. நீதானண்ணா மூத்தவன், நீ குடு!"

"சுகர்னு சொல்றேன்ல?"

"எப்போலேருந்து? காலைலகூட ரெண்டு கப்பு கேசரி துன்னியே!"

கட்டிலில் அப்பா ஏகநாதன் கண்ணை மூடிக் கிடந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு வந்த டாக்டர் சிரித்தார்.

"எதுக்குச் சண்டை? மஜ்ஜையை உங்க அப்பா இடுப்புலேருந்தேதான் எடுக்கப் போறோம். அவரோட செல்தான் அவருக்கு. இது ஆராய்ச்சி சிகிச்சைங்கறதால, வீட்டுல ஒருத்தர் கையெழுத்து மட்டும் வேணும்."

சக்திவேலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாய்ந்து பேனாவுக்குக் கை நீட்டினான்.

அதற்குள் ஊசி ஏறிய கை ஒன்று குறுக்கே வந்தது.

"அதையும் என்கிட்டேருந்தே எடுத்துக்கங்க, டாக்டர்" என்றார் ஏகநாதன்.