திருப்பிக் கொடுக்காத துப்பாக்கி

“உத்தரவு வரலை வே. நான் என்ன செய்யட்டும்?” என்றார் குமாஸ்தா சங்கரசுப்பிரமணியன்.

மேசைக்கு எதிரே நின்ற வேதமுத்து நகரவில்லை. களக்காட்டு மலையடிவாரத்திலிருந்து கருக்கலில் கிளம்பி நடந்து வந்தவன். முழங்கால் வரை செம்மண் அப்பியிருந்தது.

போன வருஷம் வெள்ளைக்காரக் கலெக்டரைச் சுட்டுவிட்டார்கள் என்றதும், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதைத் தாலுகா கச்சேரியில் ஒப்படைக்க வேண்டும் என்று ஊர் ஊராகத் தண்டோரா போட்டார்கள். வேதமுத்துவும் கொண்டுவந்து கொடுத்தான். பத்து மாதம் ஆகிவிட்டது. திருப்பிக் கேட்டு மூன்று மனுப் போட்டுவிட்டான்.

“மலையில காப்பித் தோட்டம் போட்டிருக்கானே வெள்ளைக்காரன், அவன்கிட்ட நாலு துப்பாக்கி இருக்கு. அவனுக்கு லைசென்சும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. பொழுது போகலைன்னா மிளா மானைச் சுடுதான். என் வாழையைப் பன்னி பறிச்சுப் போடுது. அதைச் சுட எனக்கு மட்டும் உத்தரவு வேணுமோ? கலெக்டரைச் சுட்டது நானா வே?”

சங்கரசுப்பிரமணியன் பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார்.

அவன் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. வெள்ளைத்தோலுக்கு அந்தச் சட்டமே கிடையாது. போன வாரம்கூட அந்தத் தோட்டத்துத் துரை புதுத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கச்சேரிக்குள் வந்தான். இது எங்கே வாங்கியது, ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் சேவகம் பார்த்த சங்கரசுப்பிரமணியன்தான் எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அன்றைக்கு முழுக்க அவருக்கு வாயெல்லாம் கசந்தது.

அதையெல்லாம் இவனிடம் சொல்ல முடியாது.

பின்னால் திறந்திருந்த அறையில், சுவரோரமாகத் துப்பாக்கிகள் வரிசையாகச் சாத்தியிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. வேதமுத்து தன்னுடையதைக் கண்டுபிடித்துவிட்டான்.

“அந்தா நிக்கி. அது எங்க அப்பன் வாங்கினது.”

“பார்த்துட்டீருல்லா? பத்திரமா இருக்கு. ஊருக்குப் போவும்.”

மேசையில் அவன் கை விழுந்தது. மைக்கூடு துள்ளிக் கவிழ்ந்து, சங்கரசுப்பிரமணியனின் சட்டை நெடுக நீலமாக ஓடியது. கணக்குப் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். சேவகன் ஓடிவந்து வேதமுத்துவின் கழுத்தைப் பிடித்தான்.

“விடுலே அவரை” என்றார் சங்கரசுப்பிரமணியன்.

விட்டதும் வேதமுத்து மேசை மேல் குனிந்தான். அவன் மூச்சு அவர் முகத்தில் அடித்தது.

“வெள்ளைக்காரன் எச்சிலைத் தின்னுத நாயி. நீயெல்லாம் ஒரு தமிழன்!”

வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனான்.

கச்சேரியே அவரைப் பார்த்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனை இழுத்துவந்து கொட்டடியில் போட்டிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தப் பேரை அவர் தனக்குத் தானே எத்தனையோ தடவை வைத்துக்கொண்டதுண்டு. இன்னொருவன் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை. அதையும் இன்றைக்குப் போய்க் கேட்கவேண்டியிருந்தது.

சட்டையைத் துடைக்கக் கந்தல் துணி எடுப்பதற்காக இழுப்பறையைத் திறந்தார்.

துணிக்கு மேலே உத்தரவு கிடந்தது. வந்து ஒன்பது நாளாகிறது. வேதமுத்துவின் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று புதுக் கலெக்டர் துரை கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்திருந்தார்.

தாசில்தார் கேட்டால் என்ன சொல்வது என்று சங்கரசுப்பிரமணியன் இன்னும் யோசிக்கவில்லை. வேலை போனாலும் போகும்.

உத்தரவுக்கு அடியில் ஒரு கடிதம். அது தபாலில் வந்து ஏழு நாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் பழகிய குண்டு குண்டான எழுத்து.

‘கனம்பொருந்திய ஐயா அவர்களுக்கு. என் புருஷனுடைய துப்பாக்கியைத் தயவுசெய்து அவரிடம் கொடாதிருங்கள். பன்றிகளை நானே ராமுழுதும் தகரம் தட்டித் துரத்திக்கொள்ளுகிறேன். அது வீட்டில் இருந்தபோது அவருக்குக் கோபம் வந்தால் என் நெற்றிக்கு நேரே பிடிப்பார். இரண்டு தரம் வெறும் துப்பாக்கி. மூன்றாம் தரம் குண்டு போட்டிருந்தார். இந்தப் பத்து மாதம்தான் நான் தூங்குகிறேன். நான் எழுதினேன் என்று தெரிந்தால் துப்பாக்கி இல்லாமலே என்னைக் கொன்றுபோடுவார். இப்படிக்கு, ஜெபகனி.’

வெளியே வேதமுத்துவின் குரல் கேட்டது.

“ஏளா ஜெபகனி, எந்திரி! இல்லைன்னுட்டான் அந்தக் குமாஸ்தாப் பய. சோத்துச் சட்டியை எடு, போவோம்!”

சங்கரசுப்பிரமணியன் சன்னல் வழியாகப் பார்த்தார். வேப்ப மரத்தடியில் ஒல்லியாக ஒரு பெண் எழுந்து நின்றாள். சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கச்சேரிப் பக்கம் திரும்பினாள்.

அவர் சட்டையில் வழிந்திருந்த மையை அவள் பார்த்தாள். அவர் கண்ணையும் பார்த்தாள்.

“ஏழைபாழை வயித்துல அடிக்கியே, நீ வெளங்குவியா! ஒன் கை அழுகிப் போவும்!”

கை நீட்டி, மண்ணை வாரித் தூற்றி, புருஷனைவிடச் சத்தமாகத் திட்டினாள்.